தோள்வலிக்காகப் போன பிசியோதெரபி மையம்: முதல் நாள் சோதனைக்கே முழு மதிப்பெண்

இடது தோளில் வலி தொடங்கியபோது சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்தே மூன்று மாதங்களைக் கழித்தேன். பின்னல் போடக் கை எழாமல் போய், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் இயலாத நிலை வந்த பிறகுதான், வீட்டருகே மாடியில் இயங்கும் ஒரு சிறிய பிசியோதெரபி மையத்திற்குப் போனேன். இரண்டு கட்டில்களும் நடுவில் ஒரு திரையும் மட்டுமே உள்ள அந்த இடத்தைப் பற்றி எழுதத் தூண்டியது, முதல் நாள் அங்கே நடந்த சோதனைதான்.

கையை நானாகத் தூக்குவதைப் பார்த்த பின், சிகிச்சையாளர் என்னைத் தளர்வாக உட்காரச் சொல்லி, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை அவரே மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினார். வலது கை தாராளமாகத் திரும்பியது. இடது கை சிறிது தூரத்திலேயே, தாழிட்ட கதவைப் போல நின்றுவிட்டது. தசைநாரில் உரசலோ வீக்கமோ இருந்தால் நாமாகத் தூக்கும்போது கை தயங்கும், ஆனால் வேறொருவர் தாங்கித் தூக்கினால் வலியோடாவது பெரும்பாலும் மேலே போய்விடும் என்றும், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும் ப்ரோசன் ஷோல்டரில் யார் அசைத்தாலும் கை ஓரளவுக்கு மேல் நகராது என்றும் விளக்கினார். பக்கவாட்டில் தூக்கும்போது ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரை மட்டும் வலித்து, அதைத் தாண்டியதும் வலி குறைந்தால், அது பெரும்பாலும் தசைநார்த் தொல்லையாம்.

கழுத்து நரம்பு காரணமாக இருக்குமோ என்று அறிய, விரல்களில் மரத்துப்போகும் உணர்வு உண்டா என்றும் கேட்டார். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொன்னதும் தலையசைத்தார். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் ப்ரோசன் ஷோல்டர் கூடுதலாக வருகிறதாம். மூட்டுத் தேய்மானத்திலும் இதே போன்ற இறுக்கம் வரக்கூடும் என்பதால் எக்ஸ்ரே மட்டும் எடுத்து வரச் சொன்னார். அதில் எந்தக் குறையும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தியதால் பணத்தோடு போயிருந்த எனக்கு, இப்போது அது தேவையில்லை என்று அவர் சொன்னது வியப்பாகவே இருந்தது.

குறைகளும் உண்டு. பத்து நாள் கட்டணத்தை மொத்தமாக முன்பே வாங்கிவிடுகிறார்கள். அந்த நாட்களில் பெரும்பகுதி சூட்டு ஒத்தடத்திலும் மின்கருவியிலும் கழிகிறது. எனக்குப் பயன் தந்தவையோ கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவதும், விரல்களால் சுவரில் ஏறுவதும்தான், அவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வலி கடுமையாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி உதவக்கூடும் என்பதையும், அதனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதையும் எலும்பு மருத்துவரிடம் போன பிறகே அறிந்தேன். இதை மையத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தோள் குணமாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை மட்டும் அவர்கள் மறைக்கவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பிறகு இப்போது பின்னல் போட முடிகிறது. ரவிக்கையின் பின்கொக்கிக்குக் கை இன்னும் எட்டவில்லை. போக விரும்புவோர் கூட்டம் குறைவான காலை நேரத்தில் போய், முதல் நாள் சோதனைக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.