ஒன்பது வருஷ அஞ்சறைப் பெட்டியும் ஒழுங்காக மூடாத மூடியும்

போன வாரம் அஞ்சறைப் பெட்டியின் மேல்மூடிக் குமிழ் கையோடு வந்துவிட்டது. பாத்திரக்கடையில் கேட்டால் "மூடி மட்டும் தனியா வராதும்மா" என்றார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் தகட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிசில் நெருப்பு வைத்தால் ஓட்டை விழுந்துவிடும் என்று சொல்லி, நடுவில் துளை போட்டு ஒரு ஸ்க்ரூவில் புதுக் குமிழ் மாட்டிக் கொடுத்தார். அறுபது ரூபாய். ஸ்க்ரூ இரும்பு. மூன்றாம் நாள் காலையில் கழுவிக் கவிழ்த்திருந்த மூடியைத் திருப்பினால் துளையைச் சுற்றித் துரு வளையம். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் புது வீட்டுக்குக் குடிபோகும் தோழி கூப்பிட்டாள்: "அஞ்சறைப் பெட்டி வாங்கட்டுமாடி, இல்ல பாட்டிலே போதுமா?" ஃபோனில் அரைமணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

என்னுடையது 2016-ல் வாங்கிய வட்டமான எவர்சில்வர் பெட்டி. உள்ளே ஏழு கிண்ணம், ஒரு குட்டிக் கரண்டி, கிண்ணங்களின் மேல் உட்காரும் ஒரு தட்டு, அதற்கு மேல் மூடி. மரத்தில் அஞ்சு அறையோடு இருந்த காலத்துப் பெயர் இன்னும் நிற்கிறது, அவ்வளவுதான். பெட்டி இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது, பாத்திரத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை எல்லாம் அந்த உள்தட்டில்தான். ஏழு கிண்ணத்தின் விளிம்பும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் தட்டு எல்லாவற்றையும் மூடும். என் பெட்டியில் சீரகக் கிண்ணம் வாங்கும்போதே ஒரு மயிரிழை குட்டை. பெட்டியை அலமாரியில் இருந்து எடுக்கும்போது லேசாகச் சாய்த்தாலே போதும், பக்கத்துக் கிண்ணத்து வெந்தயம் இரண்டு மூன்று உருண்டு அதில் விழுந்துவிடும். கடுகு விழுந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும், தெரியாமல் போனாலும் ருசியைக் கெடுக்காது. வெந்தயம் அப்படி இல்லை. ரசத்துக்கு மிளகு சீரகம் தட்டும்போது அதோடு சேர்ந்து பொடிந்து, கொதித்து இறக்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பாக நிற்கும். முதல் வருஷம் முழுக்கப் புளியைச் சந்தேகப்பட்டேன், பிறகு தக்காளியை, அப்புறம் பெருங்காயத்தைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் அத்தைதான் உரலில் இருந்ததைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரசத்துக்கு வெந்தயம் போடுறியா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ரசம் வைக்கும் ஒவ்வொரு முறையும் சீரகத்தை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துத்தான் போடுகிறேன். ஒரு மில்லிமீட்டர் தகடு கூடுதலாக இருந்திருந்தால் இந்த வேலையே இல்லை. இதைச் செய்தவர்கள் ஒரு தடவையாவது இதில் வெந்தயம் போட்டுச் சாய்த்துப் பார்த்திருக்க வேண்டாமா?

வாசனை விஷயம் இதைவிட மோசம். கிண்ணத்துக்குத் தனி மூடி கிடையாது, எல்லாம் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. தெரியாமல் ஒருமுறை பெருங்காயப் பொடியையும் ஏலக்காயையும் இதே பெட்டியில் வைத்தேன். ஊரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் போடிநாயக்கனூரில் வாங்கி வந்த நல்ல ஏலக்காய், உருட்டிப் பார்த்தாலே கையில் மணம் ஒட்டும். ஆடி ஒன்றாம் தேதி தேங்காய்ப்பால் பாயசத்தில் தட்டிப் போட்டேன். முதல் வாயில் தேங்காய்ப்பால், இரண்டாவதில் பெருங்காயம். யாரும் எதுவும் சொல்லவில்லை, டம்ளர்கள் மட்டும் பாதியோடு திரும்பி வந்தன. பெருங்காயத்தின் நெடிக்குக் காரணம் அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள், வெங்காயம் பூண்டின் நெடிக்கும் அதே வகைதான் காரணம். சூடான எண்ணெயில் விழுந்தால் அந்த நெடியே மணமாக மாறுகிறது, ஆனால் பச்சையாக இருக்கும்வரை பக்கத்தில் எது இருந்தாலும் ஏறி உட்கார்ந்துவிடும். அன்றிலிருந்து பெருங்காயத்துக்கு இறுக்கமான தனி டப்பா, ஏலக்காய்க்கு வேறு அலமாரி.

அடுத்தது பொடிகள். இதை மட்டும் தோழி கட்டாயம் கேட்க வேண்டும். இந்தப் பெட்டியில் பொடி எதையும் வைக்காதே. நான் மூன்று வருஷம் மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் வைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஏழு கிண்ணத்தையும் சேர்த்துத் திறக்கிறோம், அந்த ஆவி முழுக்கப் பெட்டிக்குள்தான் போகிறது. ஒரு மாதத்தில் மஞ்சள் கட்டிகட்டியாகிவிடும். மல்லித்தூளில் மண் வாசனைதான் மிச்சம் இருக்கும். முழு மல்லியை உடைக்கும்வரை அதன் எண்ணெய் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது, அரைத்துவிட்டால் அத்தனையும் காற்றுக்கு வந்துவிடுகிறது. மிளகும் அப்படியே, ஒருமாதப் பொடியையும் இப்போது தட்டிய மிளகையும் அடுத்தடுத்து பொங்கலில் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும். இப்போது கண்ணாடி மூடி போட்ட பெட்டிகள் வருகின்றன, பார்க்க அழகுதான், ஆனால் ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் நிறம் வெளுத்துப்போகும். ஈரோட்டு மஞ்சளை அலைந்து வாங்கி அந்த நிலைமைக்கு விடாதே.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறேன் என்று கேட்பாள். காரணம், எனக்குத் தாளிக்கக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெட்டிதான். கல்யாணம் ஆன புதிதில் எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளி எண்ணெயில் போடுவேன். சீரகம் கருகியிருக்கும், கடலைப்பருப்பு பச்சையாக இருக்கும், கடுகு பாதி வெடிக்காமல் பல்லில் மாட்டும். பொடிகளை வெளியே எடுத்த பிறகு பெட்டியை மறுபடி நிரப்ப உட்கார்ந்தபோது, எண்ணெயில் எது முதலில் போக வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்கினேன். நடுவில் கடுகு. அதைச் சுற்றி வலமாகக் கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், மிளகு, மிளகாய் வற்றல். கரண்டி நடுவில் ஆரம்பித்து வட்டமாகப் போனால் போதும், வேண்டாததைத் தாண்டிவிடலாம். வெந்தயத்தையும் சீரகத்தையும் பிரித்து வைத்தால் ரசம் பிழைக்கும் என்று தெரியும், ஆனால் இந்த வரிசையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வரிசையில் கை பழகப் பழக, ஏன் என்பதும் பிடிபட்டது. கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலை உடைக்கிற அளவுக்கு எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும், அதனால் அதுதான் முதல். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்த்து, அது உடனே மேலே வந்து வெடித்தால் மீதியைப் போடு என்பது அத்தை சொன்ன கணக்கு. பருப்புகள் சிவக்க நேரம் எடுக்கும், ஆகவே அடுத்து அவை. வெந்தயம் பொன்னிறத்தில் மணக்கும், அதைத் தாண்டினால் கசக்கும். சீரகத்துக்குச் சில விநாடிகள் போதும். மிளகாய் வற்றல் கண் மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும். அப்புறம் பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. அதன் ஈரம் எண்ணெயின் சூட்டை இறக்குவதால் முன்னால் போட்டது எதுவும் அதற்கு மேல் கருகாது. இன்னொன்றும் இங்கேதான் விளங்கியது: எண்ணெயில் வெடித்த கடுகில் காரமே இருக்காது, அதையே பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்துத் தயிர்ப் பச்சடியில் சேர்த்தால் மூக்கில் ஏறும். விதை நசுங்கி ஈரம் படும்போதுதான் அதில் இருக்கும் நொதி அந்தக் காரத்தை உண்டாக்குகிறது, சூடு பட்டால் நொதி செத்துப்போகிறது. ஒரே கிண்ணத்தில் இருந்து இரண்டு சாமான் எடுத்த மாதிரி. சீரகமும் அப்படித்தான், பொரியல் தேங்காயோடு பச்சையாக அரைத்தால் ஒரு ருசி, வறுத்துப் பொடித்து மோரில் போட்டால் வேறொன்று.

மிளகாய்க் கிண்ணத்தில் மட்டும் சின்னச் சிக்கல் உண்டு. நீட்டு மிளகாய் அடங்காது, கிள்ளிப் போட்டால் விதை எல்லாக் கிண்ணத்துக்கும் போகும். ராமநாதபுரத்து முண்டு மிளகாய் அளவெடுத்தது போல உட்காரும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே குண்டு மிளகாய். பக்கத்துக் கிண்ணத்தில் மிளகு இருப்பது எனக்குப் பிடிக்கும். போர்ச்சுக்கீசியர் மிளகாயைக் கொண்டுவரும்வரை நம் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான், வந்த காய்க்கும் அதன் பெயரையே கொடுத்திருக்கிறோம், மிளகுபோல் காரமான காய் என்று.

இதெல்லாம் எனக்குக் கொடுத்த பெட்டிதான். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், வாங்காதேடி என்றுதான் சொல்வேன். ஏழு சின்னக் கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடியோடு வாங்கி, நான் சொன்ன வரிசையில் ஒரு தட்டில் வை. வெந்தயம் எங்கேயும் உருளாது, ஸ்க்ரூ துருப்பிடிக்காது. கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால் கடையிலேயே உள்தட்டை வைத்து ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் விரலால் அழுத்திப் பார். எங்கேயாவது டக்கென்று ஆடினால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடு. குமிழ் எப்படி ஒட்டியிருக்கிறது என்று உள்பக்கம் திருப்பியும் பார்.

நான் நாளைக்கு ஹார்ட்வேர் கடைக்குப் போய் எவர்சில்வர் ஸ்க்ரூ ஒன்றும் ரப்பர் வாஷரும் வாங்க வேண்டும். அதுவரை துருப்பிடித்த மூடியை எடுத்து வைத்துவிட்டுத் தட்டை மட்டும் போட்டு மூடியிருக்கிறேன், அதன் மேல் ஒரு கனமான கிண்ணம்.