விர்ச்சுவல்பாக்ஸில் ஃப்ரீபிஎஸ்டி 14: தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம்

யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழகணும், ஆனால் இருக்கிற ஒரே லேப்டாப்பில் கை வைக்கப் பயம் என்று யார் கேட்டாலும் எல்லோரும் உபுண்டு லினக்ஸைக் கைகாட்டுவார்கள். நான் ஃப்ரீபிஎஸ்டியைத்தான் சொல்வேன், அதுவும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு போலிக் கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்குள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி யூனிக்ஸின் வாரிசு இது, முதல் வெளியீடு 1993-இல். நெட்ஃபிளிக்ஸ் நம் வீட்டுக்குப் படம் அனுப்பும் சர்வர்களில் ஓடுவது இதுதான், பிளேஸ்டேஷன் 4-க்குள் இருப்பதும் இதிலிருந்து கிளைத்ததுதான். சான்றிதழ் வாங்கிய யூனிக்ஸ் இல்லையே என்று சட்டம் பேசுபவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

விர்ச்சுவல் மெஷினில் போடுவதில் பெரிய லாபம், ஃப்ரீபிஎஸ்டியின் பழைய தலைவலியான வைஃபை பிரச்சினையே வராது. விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு இன்டெல் நெட்வொர்க் கார்டைப் போலித்தனமாகக் காட்டுகிறது, அது உள்ளே இஎம்0 என்ற பெயரில் உடனே எழுந்துவிடும், நெட்வொர்க் முகவரியைத் தானாக வாங்கித் தரும் டிஎச்சிபிக்கு ‘யெஸ்’ கொடுத்தால் இணையம் ரெடி. 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் போதும். அந்த டிஸ்க் உண்மையில் உங்கள் லேப்டாப்பில் ஒரு ஃபைல்தான், அதை டைனமிக்காக வைத்தால் உள்ளே நிரம்ப நிரம்பத்தான் அந்த ஃபைல் பெரிதாகும்.

இன்ஸ்டாலர் பார்க்க அழகெல்லாம் இல்லை. நீலத் திரை, எழுத்துப் பெட்டிகள், மவுஸுக்கு வேலையே கிடையாது. 2012-இல் 9.0 வெளியீட்டோடு வந்த இன்ஸ்டாலர், அதன் அடிப்படை முகம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு திரையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும், அந்தக் கேள்விக்குப் பின்னால் யூனிக்ஸின் ஒரு பகுதி நிற்கும், அதனால் கீபோர்டு, ஹோஸ்ட்நேம் (கம்ப்யூட்டரின் பெயர்), டிஸ்க், ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) பாஸ்வேர்டு, நெட்வொர்க், நேரம், எந்த சர்வீஸ் ஓடணும் என்று வரிசையாகப் பதில் சொல்லி முடிக்கும்போது சிஸ்டம் எதனால் ஆனது என்று பாதி புரிந்துவிடும்.

தடுக்குகிற இடம் டிஸ்க் திரை. ஆட்டோ இசட்எஃப்எஸ் (டிஸ்கில் ஃபைல்களை வைக்கும் ஒரு முறை) தேர்ந்தெடுத்து, ‘ஸ்ட்ரைப்’ (ஒரு டிஸ்கே போதும் என்ற வகை) கொடுத்ததும் ஏடிஏ0 என்று நம் போலி டிஸ்க் ஒரு பெட்டியோடு வரும். இங்கே என்டர் தட்டினால் போதாது, ஸ்பேஸ் பாரைத் தட்டி அந்தப் பெட்டியில் நட்சத்திரம் விழ வைக்கணும், இல்லையென்றால் டிஸ்க் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். புதிதாக வருபவருக்கு இதை அந்தத் திரையிலேயே இன்னும் பளிச்சென்று சொல்லலாம். அதைத் தாண்டினால் சிவப்பில் ‘கடைசி வாய்ப்பு, டிஸ்கில் உள்ளது எல்லாம் அழியும்’ என்று மிரட்டும். பயப்பட வேண்டாம், அழியப்போவது விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கிய ஒரு காலி ஃபைல்தான், உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

யூசர் சேர்க்கும்போது வேறு குரூப்பில் சேர்க்கவா என்று கேட்கும், ‘வீல்’ என்று மறக்காமல் அடியுங்கள். அதில் இல்லாதவர் எஸ்யூ கட்டளை போட்டு ரூட் ஆக முடியாது. முடிந்து ரீபூட் ஆகும்முன் இன்ஸ்டாலர் இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலை விர்ச்சுவல் மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி அதே இன்ஸ்டாலர் வந்து நிற்க வாய்ப்பிருக்கிறது.

அப்புறம் வருவது வெறும் கறுப்புத் திரையும் லாகின் வரியும்தான். லினக்ஸ்காரர்களுக்குப் பழகிய பாஷ் ஷெல்கூட இல்லை, பிகேஜி என்ற மென்பொருள் நிறுவும் கருவி மூலம் போட்டுக்கொள்ளணும், அந்த பிகேஜியே முதல் தடவை கூப்பிடும்போதுதான் தன்னை இறக்கிக்கொள்ளும். எனக்கு இது பிடித்திருக்கிறது. அடிப்படை சிஸ்டம் ஒரு பக்கம், நாம் போட்ட மென்பொருள் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு பக்கம், சர்வீஸ் அமைப்புகளில் பெரும்பாலானவை ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே ஃபைலில். லினக்ஸில் எது எங்கே இருக்கிறது என்று டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகைக்கு வகை) தேடி அலுத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சந்தேகம் வந்தால் ஹேண்ட்புக் இருக்கிறது. இலவச மென்பொருளுக்கு இவ்வளவு ஒழுங்கான கையேடு நான் அதிகம் பார்த்ததில்லை, விர்ச்சுவல்பாக்ஸுக்குத் தனிப் பகுதியே உண்டு.

டெஸ்க்டாப் வேண்டுமென்றால்தான் கொஞ்சம் இழுபறி. திரையில் படம் காட்ட எக்ஸ்ஆர்க், அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி ஒரு டெஸ்க்டாப், கூடவே திரையும் மவுஸும் ஒத்துழைக்க விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸ் பேக்கேஜ், அதற்கு ஆர்சி.கான்ஃபில் இரண்டு வரி. இதெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் ஃப்ரீபிஎஸ்டியை வைத்துச் செய்த, டெஸ்க்டாப்போடு வரும் கோஸ்ட்பிஎஸ்டி பக்கம் போகலாம்.

ஃப்ரீபிஎஸ்டி தளத்திலேயே ஏற்கெனவே இன்ஸ்டால் செய்த ரெடிமேட் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) இமேஜும் கிடைக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸுக்கு விஎம்டிகே வகை டிஸ்க் ஃபைலை எடுத்து விரித்து மாட்டினால் சரி. அவசரத்துக்கு நல்லது. ஆனால் பழகத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள், ஐஎஸ்ஓவை எடுத்துக் கையாலேயே போடுங்கள், முடிந்ததும் திரும்பி வரத்தக்கதாக அந்த நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு இஷ்டத்துக்கு உடைத்துப் பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்கள் மட்டும் ஆர்ம் சிப்புக்கான இமேஜை எடுத்து யூடிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் போடுவது சுலபம்.