மூன்று மூட்டை மிச்சத் துணியும் ஒரு க்ளூ கன்னும்: எட்டு மாத அனுபவம்

பிளவுஸ் தைக்கிறவர்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை கட்டாயம் இருக்கும். என் வீட்டில் மூன்று இருந்தன. முன், பின், கை, பட்டி எல்லாம் வெட்டியது போக ஒவ்வொரு பிட்டிலும் ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சும். அதைத் துணியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் என் பழக்கம். "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மதுரையில் இருபத்திரண்டு வருடமாக வீட்டிலேயே தைக்கிறேன். சேராமல் இருக்குமா?

எறிய மனசு வராததற்குக் காரணம் சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி இது. இப்போது அச்சடித்த புள்ளிகள்தான் கடையில் நிறைய. ஆனால் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலையில் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நடுவில் முடிச்சு இருந்த இடம் லேசாகச் சுருங்கி நிற்கும். சௌராஷ்டிரப் பெண்கள் ஒவ்வொரு புள்ளியையும் விரல் நுனியில் பிடித்து, நூல் சுற்றிக் கட்டியது அது. அரைச் சாண் துண்டில் முப்பது நாற்பது முடிச்சு இருக்கும். அதைக் குப்பை வண்டியில் போட என்னால் முடியாது.

போன புரட்டாசியில், கொலு வைப்பதற்கு முன்னால் வீட்டை ஒழித்தபோது என் மகன் கேட்டுவிட்டான். "அம்மா, இத எதுக்காவது பயன்படுத்து, இல்லைன்னா யாருக்காவது குடுத்துரு. பூச்சி வந்துரும்." நியாயமான பேச்சு. அந்த வாரமே டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் க்ளூ கன் வாங்கினேன், பசையைச் சூட்டில் உருக்கித் தரும் துப்பாக்கி மாதிரிக் கருவி. 40 வாட், 11 மில்லிமீட்டர் குச்சி போடுவது. ஐந்து குச்சியோடு சேர்த்து 380 ரூபாய். எந்தக் கம்பெனி என்பதை விட, இந்த மாதிரிக் கருவி வீட்டில் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று எழுதுவதுதான் படிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் வேலை செய்யும் விதம். பிளக்கில் மாட்டி ஐந்து நிமிடம் விட வேண்டும். பின்பக்கம் நுழைக்கும் பசைக் குச்சி முன்பக்கச் சூட்டில் உருகும். விசையை அழுத்தினால் பாகு மாதிரி வெளியே வரும். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். விரலை எடுத்ததும் நுனியிலிருந்து மெல்லிய கம்பி இழுக்கும். நுனியை ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தால் கம்பி அறுந்துவிடும். அப்புறம் அரை நிமிடத்துக்குள் பொருத்திவிட வேண்டும். ஆறிவிட்டால் பிடிக்காது. நீளமாகப் பசையை இழுத்து வைத்துவிட்டு நிதானமாகத் துணியைப் பரத்துகிற வேலைக்கு இது சரிப்படாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

அதனால் முதல் வேலையிலேயே இந்தப் பசைக்கும் வெள்ளை ஃபெவிகாலுக்கும் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டேன். என் தையல் மேஜை டிராயரில் கொக்கி, டிச் பட்டன், முத்து பட்டன், பாபின், சாக்பீஸ் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்களை இரண்டு அங்குல உயரத்துக்கு நறுக்கினேன். அட்டைமேல் சுங்குடித் துண்டை ஒட்டியது வெள்ளை ஃபெவிகால்தான். அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் அட்டையில் மட்டும் தடவி, துணியை உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் சுருக்கமே இருக்காது. இதையே க்ளூ கன்னால் செய்து பார்த்தேன். சுங்குடி மெல்லிய பருத்தி. அடியில் பசை போட்ட இடமெல்லாம் மேலே மேடு மேடாகத் தெரிந்தது. தடவிப் பார்த்தால் பருக்கை மாதிரி நெருடியது.

ஆனால் பெட்டிக்குள் அறை பிரிக்கும்போது க்ளூ கன் போல ஒன்று கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகைகள் நல்ல கனமான அட்டை. பிள்ளையார் படம் போட்டிருப்பதால் யாரும் குப்பையில் போட மாட்டார்கள், எல்லார் வீட்டிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். படத்தை மட்டும் வெட்டித் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்ச அட்டையைத் தடுப்பாக நிறுத்தினேன். தடுப்பு சேரும் மூலையில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. பதினைந்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. ஃபெவிகாலில் இதைச் செய்ய வேண்டுமென்றால் காயும் வரை கிளிப் போட்டுப் பிடித்துவைக்க வேண்டும். எட்டு மாதமாகத் தினமும் இழுத்து மூடுகிற டிராயர். ஒரு தடுப்புகூடச் சாயவில்லை.

அடுத்தது நூல் கோன். நூல் தீர்ந்த கோன் எங்கள் வீட்டில் மாதத்துக்கு நாலைந்து விழும். ஒரு பழைய பிளைவுட் பலகையில் ஆறு கோனை, அகன்ற வாய் மேலே வருகிற மாதிரி வரிசையாக ஒட்டி, மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். பென்சில், டிரேசிங் வீல், ஸ்கேல், சின்னக் கத்தரி எல்லாம் அதில் நிற்கின்றன. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அட்டைக் கோன் அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் கோன் மறுநாளே கையோடு வந்தது. அதில் ஆறிய பசை தோல் மாதிரி முழுசாக உரிந்தது.

காரணம் எளிது. இந்தப் பசை எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் வகை. உருகிய நிலையில் பொருளின் சொரசொரப்புக்குள் இறங்கி, ஆறியதும் அங்கேயே கெட்டியாகிப் பற்றிக்கொள்கிறது. இறங்க இடமில்லாத வழவழப்பான பரப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை. அட்டை, சணல், மரம், துணி, கொட்டாங்குச்சி எல்லாம் நன்றாக ஒட்டும். சன்மைக்கா, வழவழப்பான பிளாஸ்டிக், எவர்சில்வர், கண்ணாடி இவற்றில் நம்பி எதையும் தொங்கவிட முடியாது. முதலில் ஒரு சன்மைக்கா பலகையில்தான் கோன்களை ஒட்டினேன். இரண்டாவது வாரம் என் பத்து அங்குலக் கத்தரி கோனோடு சேர்ந்து கீழே விழுந்தது. நல்ல வேளை, கால் பக்கத்தில் யாருமில்லை. அதன் பிறகுதான் பிளைவுட்டுக்கு மாறினேன். பெரிய கத்தரியை ஆணியில்தான் மாட்டுகிறேன், கோனில் வைப்பதில்லை. வழவழப்பான பரப்பு தவிர வேறு வழியில்லை என்றால் ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டிப் பாருங்கள், கொஞ்சம் பிடிக்கும்.

இந்தக் குணத்திலேயே ஒரு நன்மையும் உண்டு. வேலை செய்யும்போது துப்பாக்கி நுனியிலிருந்து பசை சொட்டிக்கொண்டே இருக்கும். அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்துக்கொள்கிறேன். சொட்டியது ஆறியதும் நகத்தால் நெம்பினால் வட்டமாகக் கழன்றுவிடும், டைல்ஸில் கறையே இருக்காது.

பாட்டிலுக்குச் சணல் கயிறு சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆரம்பத்தில் ஒரு பொட்டு, முடிவில் ஒரு பொட்டு, இடையில் கயிறே தன்னை இறுக்கிக்கொள்ளும். மூன்று பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருக்கிறேன்.

நான் மனசு வைத்துச் செய்தது வாசல் தோரணம். எங்கள் நிலைவாசல் மூன்று அடி அகலம். மாவிலை வடிவத்தில் ஆறு அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலத்துக்கு, சட்டைக் காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸில் பதின்மூன்று இலை வெட்டினேன். இலைக்கு இலை கால் அங்குலம் இடம் விட்டால் கணக்கு சரியாக வரும். ஒவ்வொரு இலைமேலும் பட்டுச் சேலைப் பிட்டின் பார்டர் மிச்சம், ஜரிகை நடுவில் நரம்பு மாதிரி ஓடும்படி. மேல் பட்டை, சேலை ஃபால்ஸில் மிஞ்சிய துண்டுகளை இரண்டாக மடித்தது. குஞ்சமும் சின்ன வட்டக் கண்ணாடியும் மட்டும் காசு கொடுத்து வாங்கினேன். முன்பெல்லாம் இதற்குப் புது மண்டபம் போவேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே, கல் தூண்களுக்கு இடையில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டதால் அங்கே போய் வாங்கினேன்.

பார்டர் ஓரத்தைக் கேன்வாஸின் பின்பக்கம் மடித்து ஒட்டியதில் க்ளூ கன் அருமையாக உழைத்தது. ஜரிகைத் துணியை ஊசியால் கேன்வாஸில் கைத்தையல் போட்டால் ஒரு இலைக்கு இருபது நிமிடம் ஆகும். இதில் நாலு நிமிடம். பதின்மூன்று இலைக்கும் சேர்த்து இரண்டு குச்சிதான் செலவானது.

ஐந்தாவது இலையில் கை சுட்டுக்கொண்டேன். பார்டர் நெசவு கொஞ்சம் இளசாக இருந்த இடத்தில், அழுத்திய பெருவிரலுக்குப் பசை துணியைத் தாண்டி வந்துவிட்டது. கொதிக்கிற எண்ணெய் தெறித்தால் வழிந்து ஓடும். இது ஒட்டிக்கொண்டு சுடும். பதறிப் பிய்த்தால் தோலும் வரும். குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டினேன், பசை ஆறித் தானாகக் கழன்றது. பேஸ்ட், மாவு எதுவும் தடவவில்லை, நீங்களும் தடவாதீர்கள். அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இல்லாமல் பிளக்கில் மாட்டுவதில்லை. துணியை அழுத்த ஐஸ் குச்சி வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கவே கூடாது. அவர்கள் வெட்டட்டும், அடுக்கட்டும், ஒட்டுவது பெரியவர்கள் வேலை.

தோரணம் கொலுவுக்கு வந்தவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்த பொருள். பொங்கல் தாண்டியும் அப்படியே இருந்தது. எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. சித்திரை வெயில் மூன்று மணிக்குமேல் நேராகக் கதவில் விழும். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய முதல் வாரத்திலேயே, இதே பசையால் இலைக்கு ஒன்றாக ஒட்டியிருந்த கண்ணாடி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. பதின்மூன்றில் ஏழு போய்விட்டது. இலையில் ஒட்டிய துணி ஒன்றுகூட விலகவில்லை. கண்ணாடியின் பின்பக்கம் வழவழப்பு, அதோடு வெயிலில் பசை இளகுகிறது. இரண்டும் சேர்ந்தால் நிற்காது. இப்போது எல்லாக் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, ஊசி நூலால் கண்ணாடி வேலைத் தையல் போட்டுச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். தைக்கத் தெரியாதவர்கள் இரண்டு டியூபைக் கலக்கும் எப்பாக்ஸி பசை வாங்கிக்கொள்ளலாம்.

வேறு எதிலெல்லாம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையணை உறை, தாம்பூலப் பை, ஃப்ராக் என்று துவைத்து இஸ்திரி போடுகிற எதிலும் லேஸை இதனால் ஒட்டாதீர்கள். இஸ்திரிப் பெட்டி பட்டதும் பசை மறுபடி உருகித் துணியின் முன்பக்கம் கறையாக வரும். ஒரு தலையணை உறையை அப்படி இழந்தேன். அடுத்த வீட்டுப் பெண் பள்ளிக்கூட வேலைக்காகத் தெர்மோகோல் வீடு செய்ய இதைக் கேட்டு வாங்கிப் போனாள். சூடு பட்ட இடமெல்லாம் குழி விழுந்துவிட்டது. தெர்மோகோலுக்கு ஃபெவிகால்தான்.

தவறாக ஒட்டிவிட்டால் வலுவாகப் பிய்க்காமல், ஆல்கஹால் கலந்த சானிடைசரை ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் பசை இளகிக் கழன்றுவிடும். சாயம் போகிற துணியா என்று ஒரு மூலையில் சோதித்துவிட்டு விடுங்கள். சுங்குடியில் இதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

மின்சாரச் செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். 40 வாட் என்றால் இருபத்தைந்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். பத்துக் குச்சி 120 ரூபாய்க்கு வாங்குகிறேன். கன் வாங்கும்போது கைப்பிடியில் ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறதா, முன்பக்கக் கம்பி ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் சுவிட்ச் இல்லை. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கிறது, இது ஒரு குறைதான். 20 வாட் சின்ன கன்னுக்கு 7 மில்லிமீட்டர் குச்சிதான் போகும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். பாதிக் குச்சி உள்ளே இருக்கும்போது பின்பக்கமாக உருவாதீர்கள், அடுத்த வேலைக்கு அப்படியே விட்டுவைக்கலாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒரு மதிப்பெண் குறைத்தது சுவிட்சுக்காக. வெயிலில் பசை இளகியதைக் கணக்கில் எடுக்கவில்லை, அது பசையின் இயல்பு.

மூன்று மூட்டையில் இரண்டு தீர்ந்துவிட்டன. மூன்றாவதில் இருப்பதெல்லாம் லைனிங் துணி, கனமே இல்லாதது, ஒட்டுகிற வேலைக்கு ஆகாது. அதைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் பின்னிச் சுருட்டி வைத்திருக்கிறேன். மிஷினுக்கு அடியில் கால் வைக்க ஒரு மிதியடி வேண்டும், இந்த வைகாசிக்குள் தைத்துவிடுவேன்.