மட்டக்களப்பில் ஓடிட் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம்: கூடுதல் கட்டணத்துக்கு என்ன கிடைத்தது?

சம்மாந்துறைப் பக்கம் குடும்பமாக நடத்தும் நெல் ஆலை ஒன்றின் கணக்குகளைப் பார்ப்பவன் நான். கம்பனியாகப் பதிந்திருக்கிறோம், வங்கிக் கடனும் இருக்கிறது, ஆகவே பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட கணக்கு வருடாவருடம் வேண்டும். போன வருடம் ஓடிட்டரை, அதாவது கணக்கைச் சோதித்துக் கையெழுத்து வைப்பவரை, மாற்றினோம். புதியவர்கள் மட்டக்களப்பு நகரில் இருக்கும் சிறிய நிறுவனம், முன்பு கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கேட்டார்கள். "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு காசா?" என்று முதலாளி கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர் போடவில்லை.

முதலில் பழைய ஏற்பாட்டைச் சொல்லவேண்டும். பில்களையும் வங்கிக் கூற்றுகளையும் பெட்டியில் போட்டு அனுப்புவோம். அவர்களே கணக்கு எழுதுவார்கள், அவர்களே அதை ஓடிட் செய்வார்கள், சில மாதம் கழித்து அறிக்கை வரும். ஆலைக்கு ஒருவரும் வந்ததில்லை. வருட முடிவுக் கையிருப்பு இவ்வளவு என்று நாங்கள் சொல்கிற எண்தான் ஐந்தொகையிலும் (சொத்தையும் கடனையும் காட்டும் வருட முடிவுக் கூற்று) இருக்கும். கட்டணம் குறைவு, உண்மை. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு ஆளை வான் பிடித்து அனுப்பி ஒரு நாள் களஞ்சியத்தில் நிற்கவைக்க முடியாது, அது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கணக்காளர்களின் சர்வதேச ஒழுக்கக் கோவை இதைத் தெளிவாகவே சொல்கிறது: குறைந்த கட்டணம் கேட்பது மட்டுமே குற்றம் இல்லை, ஆனால் நியமங்களின்படி வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு அது குறைந்தால் தொழில் தரத்துக்கே ஆபத்து. தான் எழுதிய கணக்கைத் தானே சோதிப்பது இன்னொரு ஆபத்து.

இப்போது புதியவர்கள். எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அம்பாறையில் பெரும்போக அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பி நிற்கிற நேரம் அதுதான், ஆகவே எங்கள் கணக்கில் ஆகப் பெரிய எண் நெல் கையிருப்பு. அதைப் பார்க்காத ஓடிட் எதைப் பார்த்தும் பிரயோசனமில்லை. அன்று காலையிலேயே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அடுக்கியிருந்த மூடைகளை அட்டி அட்டியாக எண்ணினார்கள், நடுவில் வெறும் இடம் விட்டு அடுக்கியிருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்த்தார்கள், தாங்களே தெரிவு செய்த மூடைகளை இறக்கித் தராசில் வைத்தார்கள். அப்புறம் அதில் இளையவர் களஞ்சியக்காரரிடம், "நானா, இது வாங்கும்போது என்ன ஈரம்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கே கட்டணத்தில் பாதி போகலாம் என்பேன். 20 வீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோதான் மிஞ்சும். புத்தகத்திலோ வாங்கிய நிறை அப்படியே கிடக்கிறது. முடிவுக் கையிருப்பைக் கூட்டிக் காட்டினால் இலாபமும் கூடும், இல்லாத இலாபத்துக்கு வரி போகும், வங்கியும் இல்லாத நெல்லை நம்பிக் கடன் தரும். பழைய அறிக்கைகளில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இவர்கள் நெல் காய்வதால் குறையும் நிறையைத் தனிப் பதிவாக்கச் சொல்லி, கொள்வனவுச் சிட்டையில் ஈரப்பதத்துக்கு ஒரு நிரலும் போடவைத்தார்கள்.

வங்கி மீதியையும் எங்கள் கையால் வாங்கவில்லை. மீதி எவ்வளவு என்று வங்கியிடம் கேட்கும் உறுதிப்படுத்தல் கடிதத்தில் நாங்கள் ஒப்பமிட்டோம், அவர்களே வங்கிக்கு அனுப்பினார்கள், பதிலும் நேரே அவர்களிடமே போனது. முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, தன்னை நம்பவில்லை என்று நினைத்துவிட்டார். ஆனால் 2009 ஜனவரியில் இந்தியாவில் சத்யம் என்ற கணினி மென்பொருள் கம்பனி விழுந்தபோது வெளிவந்தது இதே விஷயம்தான்: ஐயாயிரம் கோடி இந்திய ரூபாய்க்கு மேல் வங்கியில் இருப்பதாகக் காட்டிய காசு பொய், ஓடிட்டர்களோ கம்பனி கொடுத்த உறுதிப்படுத்தல்களையே நம்பியிருந்தார்கள். ஓடிட் செய்தது உலகப் பெயர் பெற்ற வலையமைப்பைச் சேர்ந்த நிறுவனம்.

அதனால் கூடுதல் கட்டணம் கொடுத்தால் நல்ல ஓடிட் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. என்ரொன் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பனி 2000ஆம் ஆண்டில் தன் ஓடிட் நிறுவனமான ஆதர் அண்டர்சனுக்கு ஓடிட்டுக்கு 2.5 கோடி டொலர் கொடுத்தது, ஆலோசனை போன்ற மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி. அடுத்த வருடமே என்ரொன் வங்குரோத்து. அவ்வளவு காசு தருகிற ஆளிடம் "இதில் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? குறைந்த கட்டணத்தில் வேலை செய்ய நேரம் இல்லாமல் போகிறது, மிதமிஞ்சிய கட்டணத்தில் மறுத்துச் சொல்லத் துணிவு இல்லாமல் போகிறது. கொட்டேஷன் வாங்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் யார் வருவார், எத்தனை நாள் நிற்பார், கையிருப்பு எண்ண வருவாரா, கணக்கு எழுதும் வேலையும் இதற்குள்தானா என்று கேளுங்கள். இவர்கள் அதையெல்லாம் எழுத்தில் தந்தார்கள், நாங்கள் கொட்டேஷன் கேட்ட மற்ற இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் தொகை மட்டும்தான் வந்தது.

குறைகளும் உண்டு. நிறுவனத்தின் பங்காளர் என்று கையெழுத்து வைப்பவர் ஆலைக்கு வரவேயில்லை, கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் வந்தார். போக்குவரத்துச் செலவைத் தனியாகப் போட்டார்கள், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கள் கணக்கு நடைமுறையில் கண்ட குறைகளைச் சொல்லும் முகாமைக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. பணிப்பாளர் சபையில் மூன்று பேருக்கு அது விளங்காது, வாசித்து விளங்கப்படுத்தியது நான். தமிழில் வேலை செய்கிற ஊரில், தமிழ் ஆட்களே செய்கிற நிறுவனத்திடம் இதை எதிர்பார்ப்பது அதிகமில்லை. பெரிய குறை தாமதம். வரி அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30, இவர்களின் இறுதி அறிக்கை கையில் கிடைத்தது அதற்குச் சற்று முன்னர்தான்.

ஆனாலும் வருடாந்தக் கூட்டத்தில் இவர்களையே மீண்டும் நியமித்தோம், முதலாளியும் கை உயர்த்தினார். அடுத்த முறை வரைவு எந்தத் திகதிக்குள் வரவேண்டும் என்பதையும் முகாமைக் கடிதத்தின் தமிழ்ப் பிரதியையும் வேலை தொடங்கமுன் இரு தரப்பும் ஒப்பமிடும் உடன்படிக்கைக் கடிதத்திலேயே சேர்க்கச் சொன்னோம். இரண்டுக்கும் சம்மதித்திருக்கிறார்கள், கட்டணம் கூட்டவில்லை.