மோல்மீன் செவத்து எழுத்தும் என் சின்ன கேமராவும்: ஏழு வருஷ அனுபவம்

2017 கடைசில ரங்கூன்ல செகண்ட் ஹேண்டா வாங்குன கேமரா இது. சட்டைப் பையில அடங்கிடும், 28 எம்.எம். லென்ஸ், ஜூம் கிடையாது, 16 மெகாபிக்சல்தான், ஆனா உள்ள இருக்குற சென்சார் பெரிய கேமராவுல வர்ற ஏபிஎஸ்-சி சைஸு. நான் இதுல எடுக்குறது முக்காவாசி பழைய கடை போர்டு, செவத்து விளம்பரம், கதவுல பசங்க கிறுக்கி வச்ச ஃபுட்பால் டீம் பேரு, "இங்க வெத்தல துப்பாதே"ன்னு பர்மீஸ்ல எழுதி அதுக்கு மேலயே துப்பி வச்சிருக்குற செவரு, இதுங்கதான். மோல்மீன், முடோன், தாட்டோன், பெகுன்னு பர்மாவுல இருக்குற ஊருங்களுக்கு லீவு கெடைக்குறப்பல்லாம் பஸ்ஸு ஏறிடுவேன்.

ஒரு செவத்தப் பத்தி சொன்னா கேமரா எப்டி ஒழச்சுதுன்னு புரியும். மோல்மீன்ல லோயர் மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள போற ஒரு சந்துல பழைய செங்கல் கோடௌன் ஒண்ணு இருக்கு. மேல மொபைல் கம்பெனி விளம்பரம், 2014ல வெளிநாட்டு கம்பெனிங்க வந்தப்ப ஊரு ஊரா அடிச்சாங்களே அந்த பெயிண்டு. அது உரிஞ்ச எடத்துல பர்மீஸ்ல "மக்கள் கடை"ன்னு ஒரு நம்பரு, 1964ல கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப வச்ச பேரு, நம்மாளுங்க இருந்தத விட்டுட்டு கப்பலேறுன காலம். அதுக்கும் கீழ ஏதோ கோடு கோடா தெரிஞ்சுது, தமிழா தெலுங்கான்னு கூட சொல்ல முடியல. முதல் வருஷம் நல்ல வெயில்ல போயி இருவது படம் எடுத்தேன், ஒண்ணுத்துலயும் ஒண்ணும் படிக்க முடியல, கேமராவத்தான் கொற சொல்லிட்டு இருந்தேன்.

அப்பறம் ஒரு ஜூலைல வேற வேலையா போனவன் மழைக்கு எதிர்த் திண்ணைல ஒதுங்குனேன், மோல்மீன் மழை தெரியும்ல, வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊரு, ஒரு மணி நேரம் நின்னேன், மழை விட்டதும் நிமிந்து பாத்தா செவத்துல "விற்பனை"ன்னு தெளிவா நிக்குது. செங்கல்லு தண்ணிய குடிச்சு கறுத்துடுது, பழைய எண்ணெய் பெயிண்டு ஊறி இருக்குற எடம் அவ்ளோ குடிக்கிறதில்ல, அதனால எழுத்து மட்டும் வெளுப்பா தனியா தெரியுது. அதுல இருந்த னை இப்ப நாம எழுதுற னை இல்ல, யானை தும்பிக்கைய தூக்குன மாதிரி மேல சுழிச்ச பழைய னை. பக்கத்துல இனிஷியல் நாலு, செட்டியார் கடை விலாசமா இருக்கணும். எங்க பாட்டி அப்டித்தான் எழுதும், அத பாத்ததும் எனக்கு தொண்ட அடச்சிருச்சு.

அந்த னையை வச்சு வருஷம் கண்டுபுடிச்சிடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. தமிழ்நாட்டுல 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சு, இங்க நம்ம பெரியவங்க அதுக்கப்பறமும் பழைய மாதிரியேதான் எழுதிட்டு இருந்தாங்க. இங்கிலீஷ் போர்டு இன்னும் கொஞ்சம் ஒதவும், மோல்மீன், பெகு, ரங்கூன்னு பழைய பேரு இருந்தா அனேகமா 1989ல சர்க்கார் ஊர் பேரெல்லாம் மாத்துறதுக்கு முன்னாடி எழுதுனது.

இனி கேமராவுக்கு வர்றேன். சந்து பத்தடிதான் இருக்கும், பின்னாடி போக எடமில்ல, 28 எம்.எம்.னால முழு செவரும் அடங்கிடுது, இதுல அத அடிச்சுக்க முடியாது. ஆனா மாடில இருக்குற போர்டுன்னா கீழேர்ந்து எடுத்தா மேல குறுகிப் போயிடும், கம்ப்யூட்டர்ல நிமித்தலாம், நிமித்துறப்ப ஓரத்துல பாதி போயிடும். நான் எதிர் வீட்டுல கேட்டு மாடிக்குப் போயிடுவேன். ஒரு அம்மா "ஏந்தம்பி, இந்தப் பாழஞ் செவத்த எதுக்கு எடுக்குற"ன்னு கேட்டவங்க எழுத்த காட்டுனதும் லாப்பெ (ஊறவச்ச தேயிலை) போட்டுக் குடுத்து, அந்தக் கடைல அவங்க அப்பா மூட்டை தூக்குன கதைய ஒரு மணி நேரம் சொன்னாங்க. ஜூம் லென்ஸ் வச்சு தூரத்துலேர்ந்து எடுத்திருந்தா அந்தக் கதை எனக்கு கெடச்சிருக்காது.

ஃபோன் போதாதான்னு கேப்பீங்க. நல்ல போர்டுக்கு போதும். மங்கிப் போன எழுத்துக்கு ஃபோன் பத்தாது, அது தானா ஷார்ப் பண்றேன்னு உரிஞ்ச பெயிண்டோட ஓரத்தையெல்லாம் கோடாக்கிடுது, ரெண்டு சுழியா மூணு சுழியான்னு பாக்குற எடத்துல இல்லாத சுழி வந்து நிக்கும். கேமராவுல ரா ஃபைல், அதாவது கேமரா தானா திருத்தாம அப்டியே வச்சிருக்குற படம், எடுத்து பொறுமையா பாக்கணும். பாறை ஓவியம் பாக்குறவங்களுக்குன்னு செஞ்ச டிஸ்ட்ரெட்ச்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, கலர் வித்தியாசத்த இழுத்து பெருசாக்கிக் காட்டும், அதுல போட்டா கண்ணுக்கே தெரியாத செவப்பு எழுத்து கூட எந்திரிச்சு வரும். இரும்புத் தகடுல எனாமல் போட்ட பழைய போர்டுக்கு மட்டும் அது வேணாம், அதுல பளபளப்புதான் தொல்ல, கொஞ்சம் சைடுல நின்னு எடுத்தா போதும்.

மூணாவது மழைக்காலத்துல லென்ஸு உள்ள பூஞ்சை புடிச்சிருச்சு, சிலந்தி வலை மாதிரி. லென்ஸ் கழட்ட முடியாத மாடல், ரிப்பேர் கடைல முழுசா பிரிக்கணும்னு சொல்லி கேமரா வெலைல பாதி கேட்டாங்க, குடுத்தேன். சென்சார்ல தூசியும் உக்காந்திருந்துச்சு, வானத்த எடுத்தா புள்ளி புள்ளியா. அதுலேர்ந்து காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டரு. 50 தாண்டுனா எனக்கு தூக்கம் வராது. ஜெல் நீலம் போயி ரோஸ் ஆனா சூடு காட்டி திரும்ப வச்சிருவேன். அப்பறம் பூஞ்சை வரல.

பேட்டரி வீக், முந்நூறு படம் வந்தா பெருசு. ஆனா யுஎஸ்பில சார்ஜ் ஏறும், கரண்டு எப்ப வரும்னு தெரியாத இந்தக் காலத்துல பவர் பேங்க் வச்சே ஓட்டிடலாம். 2021ல ராணுவம் ஆட்சியப் புடிச்சதுக்கு அப்பறம் கேமராவ வெளிய எடுக்குறதுக்கே நாலு பக்கம் பாக்க வேண்டியிருக்கு. ஸ்டேஷன், ஆபீஸு, பாலம் பக்கம் எடுக்குறதே இல்ல, புதுசா கிறுக்குன செவத்தையும் எடுக்குறதில்ல, எழுதுனவனுக்கு ஆபத்தாயிடும்.

போன வருஷம் அந்த கோடௌன் செவத்துக்கு சுண்ணாம்பு பூசிட்டாங்க. மழைல போயி நின்னு பாத்தேன், தெரியல. எங்கிட்ட அதோட படம் 140 இருக்கு, ரெண்டு டிஸ்குல வச்சிருக்கேன், ஒண்ணு ரங்கூன்ல எங்க அத்தை வீட்டுல.

செகண்ட் ஹேண்டுல இந்த மாதிரி வாங்குறதா இருந்தா கடைல இருட்டுல லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, அப்பறம் வெள்ளப் பேப்பர எஃப் 16ல (லென்ஸ் துளைய சின்னதாக்கி) எடுத்து தூசி இருக்கான்னு பெருசாக்கிப் பாருங்க, இது ரெண்டையும் பண்ண விடாத கடைல வாங்காதீங்க.