மாடல் டி காரில் மூன்று பின் அச்சுகள்: ஒன்பது ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1924 ஃபோர்டு மாடல் டி. வாங்கிய முதல் வருஷமே பின் அச்சைப் பிரித்து கியரை மாற்றினேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

எஞ்சின் 2.9 லிட்டர், நான்கு சிலிண்டர். நிமிடத்துக்கு 1600 சுற்றில் 20 குதிரைத்திறன்தான். ஆனால் இழுவையின் உச்சம் 900 சுற்றிலேயே வந்துவிடும். சுற்றை ஏற்றி விரட்டும் எஞ்சின் இல்லை இது. மெதுவாகச் சுற்றியபடியே இழுக்கும். கியர் இரண்டே இரண்டு. இடது மிதியை முழுக்க அழுத்தினால் லோ (மெதுவாக இழுக்கும் கியர்), விட்டால் டாப் (வேகமாக ஓடும் கியர்). லோவில் சுற்று 2.75 மடங்கு குறைகிறது. நடுவில் ஒன்றுமே கிடையாது. எல்லாத் தொல்லையும் அந்த இடைவெளியில்தான்.

கம்பெனி கொடுத்த அச்சு விகிதம் 3.64, அதாவது டாப்பில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 3.64 சுற்று சுற்ற வேண்டும். அதில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 1500 சுற்று சுற்றும். அந்த அதிர்வு பிடிக்காமல் 3-க்கு 1 கியர் போட்டேன். அதே வேகம் 1250 சுற்றிலேயே கிடைத்தது. சமதளத்தில் அவ்வளவு சொகுசு!

ஏற்றம் வந்ததும் சாயம் வெளுத்தது. முன்பு டாப்பிலேயே தம் பிடித்து ஏறிய மேட்டில் இப்போது திணறியது. தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தும் சரிவரவில்லை, லோவுக்குப் போக வேண்டியதாயிற்று. லோவில் இருக்கும்வரை மிதியைக் காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நீண்ட மேடு ஏறி முடிப்பதற்குள் தொடை கடுத்துவிடும். மூன்று வருஷம் அப்படியே ஓட்டினேன், வீம்புதான்.

அப்புறம் பழைய விகிதத்துக்கே திரும்பி, கூடவே ரக்ஸ்டெல் என்ற இரண்டு வேகப் பின் அச்சையும் சேர்த்தேன். 1920-களிலேயே மாடல் டி-க்கு விற்ற சாமான் இது. லீவரை இழுத்தால் டாப்புக்கும் லோவுக்கும் நடுவே ஒரு கியர் கிடைக்கும். பழைய மேடுகளெல்லாம் இப்போது கால் வலியில்லாமல் தாண்டுகின்றன. ஒன்று மட்டும் கவனம்: மிதி பிரேக் கியர்பெட்டிக்குள்தான் இருக்கிறது. லீவர் பாதியில் நின்றுவிட்டால் கியர்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, அந்த பிரேக் சக்கரத்துக்குப் போகாது. ஒருமுறை நானே அரைகுறையாக இழுத்து, கை பிரேக்கைப் பிடித்துத் தப்பினேன். சக்கரத்தில் தனி பிரேக் போடாமல் இந்த அச்சைத் தொடாதீர்கள்.

நண்பரிடம் ஆஸ்டின் செவன் என்ற சின்ன பிரிட்டிஷ் கார் இருக்கிறது. 747 சிசி, பழைய மூன்று கியர் வகை. சுற்றை ஏற்றி, இரண்டு முறை கிளட்ச் மிதித்து, சத்தமில்லாமல் கியர் மாற்றுவதில்தான் அவருக்கு சந்தோஷம். என் காரைப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, "செய்ய வேலையே இல்லையே" என்று இறங்கிவிட்டார். நான் அவர் காரை என் பழக்கப்படி சுற்றை ஏற்றாமல் டாப்பிலேயே இழுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

3-க்கு 1 செட் துணி சுற்றி ஷெட்டில் கிடக்கிறது. மேடே இல்லாத ஊர்க்காரர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.