பர்ப்பிள் ரெயினா, கமிட்மென்ட்ஸா?

ஹட்டன் பக்கம் தோட்டத்துத் திருவிழாக்களில் கிட்டார் வாசிக்கும் நம்ம பசங்க கேட்டது இதுதான், இந்த இரண்டு இசைப் படங்களில் முதலில் எதைப் பார்ப்பது?

1984இல் வந்த ‘பர்ப்பிள் ரெயின்’ முழுக்க அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் படம். மினியாபொலிஸில் நிஜமாகவே இருக்கும் ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்தான் களம், தலைப்புப் பாட்டுகூட 1983 ஆகஸ்டில் அங்கே மேடையில் வாசித்தபோது பதிவானதுதான். கதை சுமார், ஆனால் அவர் மேடையேறிவிட்டால் கண்ணை எடுக்க முடியாது.

ஆலன் பார்க்கரின் ‘த கமிட்மென்ட்ஸ்’ (1991) வேறு மாதிரி. டப்ளினில் கையில் காசில்லாத இளைஞர்கள் சோல் பாட்டுக்கு, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் இசைக்கு, குழு சேர்க்கிறார்கள். பாடகனாக வரும் ஆண்ட்ரூ ஸ்ட்ராங்குக்கு அப்போது 16 வயதாம், குரலைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். அப்புறம் சண்டை போட்டே குழு உடைகிறது, போன திருவிழாவுக்கு முந்தின ராத்திரி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரே ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு கிட்டார்காரர்கள் அடித்துக்கொண்ட மாதிரியே. என் ஓட்டு இதற்குத்தான்.